பெருந்திரையும் சிறுதிரையும்

மனிதன் செய்யுந் தொழில் எதுவாயினும் அதற்கென ஓர் இடம் வேண்டும். தச்சனுக்குப் பட்டறையும், கணக்கனுக்கு மேசையும் வெறும் இடங்கள் அல்ல. தொழிலின் உறுப்புக்களாகவே அமைந்தவை. மேசை அகன்றதாயின் ஏடுகளை விரித்து வைக்கலாம். ஒடுங்கியதாயின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். அடுக்கி வைத்தவன் தேடவேண்டும். விரித்து வைத்தவன் பார்த்தாற் போதும். இச்சிறு வேறுபாடு நாள்முழுதும் பல நூறு முறை நிகழுங்கால், தொழிலின் தன்மையையும் தொழில் செய்வோன் உடல்நலத்தையுமே மாற்றிவிடுகின்றது.

இக்காலத்தில் எழுத்துத் தொழில் புரிவோர் பலருக்கு மேசையின் இடத்தைக் கணினித் திரை பெற்றுவிட்டது. பல்லாண்டுகளாக ‘மொனிற்றர்’ என வழங்கும் பெருந்திரையின் முன் அமர்ந்து பழகியவர்கள், இன்று அதனை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, மடிக்கணினி ஒன்றையே துணையாகக் கொண்டு தொழில் புரியத் தலைப்பட்டுள்ளனர். இம்மாற்றம் பொருளளவில் ஒரு கருவியை விடுத்து மற்றொன்றை ஏற்பது போலத் தோன்றும். ஆயின் உண்மையில் இது அகன்ற மேசையை விட்டு ஒடுங்கிய பலகைக்குக் குடிபெயர்வதாகும். இக்குடிபெயர்வில் இழப்பது யாது, பெறுவது யாது, இழப்பை ஈடுசெய்யும் வழி யாது என்பன ஆராயற்பாலன.

மடிக்கணினியின் பெருக்கம் நேற்று இன்று தோன்றியதன்று. 2008ஆம் ஆண்டின் மூன்றாங் காலாண்டிலேயே உலகச் சந்தையில் மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகள் மிகுதியாக அனுப்பப்பட்டன. பின்னர் 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றுப் பரவியபோது, கந்தோரும் வகுப்பறையும் வீட்டுக்குள் நுழைந்தன. இலங்கையைப் பொறுத்தவரையில் மற்றொரு காரணமுஞ் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், எரிபொருட் பற்றாக்குறை காரணமாக, அரசாங்க உத்தியோகத்தர் பலர் வீட்டிலிருந்தே கடமையாற்றுமாறு பணிக்கப்பட்டனர். சுவரின் மின்சாரத்தை நம்பிய மேசைக் கணினி ஊமையாகி நின்ற வேளையில், தன்னுள்ளே மின்கலத்தைக் கொண்ட மடிக்கணினி சில மணி நேரமாயினும் தொழில் செய்தது. அவ்வாறு நெருக்கடியிற் கைக்கொண்ட பழக்கத்தைப் பலர் நெருக்கடி நீங்கிய பின்னருங் கைவிடவில்லை.

முதலில் அளவை நோக்குதல் வேண்டும். திரையின் அளவு மூலைக்கு மூலை அங்குலத்தாற் கூறப்படுவது வழக்கம். 27 அங்குலத் திரையொன்றையும் 14 அங்குல மடிக்கணினித் திரையொன்றையும் எடுத்துக்கொள்வோமாயின், பின்னது முன்னதிற் பாதிக்குச் சற்று மேல் என்றே எவருங் கருதுவர். இஃது ஏமாற்றுங் கணக்கு. மூலைவிட்டம் பாதியானால் பரப்பளவு கால்வாசியாகும் என்பது கேத்திரகணிதத்தின் எளிய விதி. அகலமும் உயரமும் 16க்கு 9 என்னும் விகிதத்தில் அமைந்த 27 அங்குலத் திரை ஏறக்குறைய 60 சதம மீற்றர் அகலமும் 33½ சதம மீற்றர் உயரமும் உடையது. அதன் பரப்பு ஏறத்தாழ 2000 சதுர சதம மீற்றர். அதே விகிதத்தில் அமைந்த 14 அங்குலத் திரையின் பரப்போ 540 சதுர சதம மீற்றர் மாத்திரமே.

இதனை இன்னுந் தெளிவாக விளக்கலாம். கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் வழங்கும் ‘ஏ4’ தாளின் பரப்பு ஏறக்குறைய 624 சதுர சதம மீற்றர். ஆகவே பெருந்திரையில் இரு தாள்களை முழு அளவிற் பக்கம் பக்கமாக வைத்தாலும் இடம் எஞ்சும். மடிக்கணினித் திரையோ ஒரு தாளினுஞ் சிறியது. அதன் உயரம் 17½ சதம மீற்றரே ஆதலின், 29.7 சதம மீற்றர் நீளமுள்ள தாளொன்றை இயல்பான அளவில் முழுமையாகக் காண்பதும் அதன்கண் இயலாது. பாதியைக் கண்டு, பின்னர் நகர்த்தி, மறுபாதியைக் காணவேண்டும்.

திரையைக் கண்ணுக்கு அருகிற் கொண்டுவந்தால் சிறியதும் பெரிதாகத் தோன்றும் என்பது உண்மையே. பெருந்திரைக்கு முன் 70 சதம மீற்றர் தொலைவில் அமர்ந்தவர், மடிக்கணினிக்கு முன் தம்மை அறியாமலே 50 சதம மீற்றர் அளவுக்கு நெருங்கிவிடுகின்றார். பரப்பின் இழப்பில் ஒரு பகுதி இவ்வாறு ஈடாகின்றது. ஆனால் அந்த ஈட்டுக்கு விலை கொடுப்பவை கண்ணும் கழுத்துமாகும். அவ்விலை எத்தகையது என்பது பின்னர்க் கூறப்படும்.

இனி, பரப்பின் குறைவு மனத்தை எவ்வாறு தாக்குகின்றது என நோக்குவோம். மனிதன் ஒரே வேளையில் மனத்தில் ஏந்தி நிற்கக்கூடிய செய்திகள் மிகச் சிலவே. அமெரிக்க உளவியலறிஞர் ஜோர்ஜ் மில்லர் 1956ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அவ்வெல்லை ஏழினையொட்டியது எனக் கூறினார். பின்னர் 2001ஆம் ஆண்டில் நெல்சன் கோவன் என்பார் அதனை மீளாய்ந்து, நான்கு அளவே என மதிப்பிட்டார். ஏழாயினும் நான்காயினும் எல்லை சிறிது என்பதில் ஐயமில்லை. கண்முன் விரித்து வைத்த பொருளை மனத்தில் ஏந்தவேண்டியதில்லை. வேண்டும்போது கண் அதனைத் தொட்டு மீளும். கண்ணுக்கு மறைந்த பொருளையோ மனம் சுமக்கவேண்டும்.

பாடசாலை ஆசிரியர் ஒருவர் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிவு செய்கின்றார் எனக் கொள்வோம். ஒரு பட்டியலில் மாணவர் பெயரும் சுட்டெண்ணும் உள்ளன; மற்றொன்றிற் பாடந்தோறும் பெற்ற புள்ளிகள் உள்ளன. அகன்ற திரையில் இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் எழுதுவது பெயர்த்தெழுதும் வேலையே. சிறுதிரையிலோ முதற் பட்டியலைப் பார்த்து, மூன்று நான்கு எண்களை மனத்திற் கொண்டு, அதனை மறைத்து, இரண்டாவதைத் திறந்து எழுதவேண்டும். இடையில் ஒருவர் வந்து ஒரு வார்த்தை கேட்டால், 67 என்பது 76 ஆகிவிடும். மேல்வரி மாணவனின் புள்ளி கீழ்வரி மாணவனுக்குச் சென்றுவிடும். ஆசிரியர் கவனமற்றவர் என்று உலகம் பழிக்கும். உண்மையில் கண் செய்யவேண்டிய வேலை ஞாபகத்தின் தலையிற் சுமத்தப்பட்டமையே பிழைக்குக் காரணம். அப்பிழையால் வருந்துவது ஒரு பிள்ளை என்பதை எண்ணும்போது, இது வெறும் வசதி பற்றிய பேச்சு அன்று என்பது புலனாகும்.

ஒப்புநோக்கும் வேலைக்குப் பரந்த இடம் வேண்டும் என்பதைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு நன்கு உணர்த்தும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், செல்லரித்துச் சிதைந்துகொண்டிருந்த ஏட்டுச்சுவடிகளைத் தேடி, 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்தார்கள். பதிப்பாசிரியர் ஒருவர் பல ஊர்ச் சுவடிகளையும் எதிரெதிரே வைத்து, ஓரிடத்துப் பாடத்தை மற்றோரிடத்துப் பாடத்தோடு ஒப்பிட்டாலன்றித் திருந்திய பதிப்பு உருவாகாது. ஆயின் அதே ஏட்டுச்சுவடியை வீட்டில் வைத்துப் படித்த மாணாக்கன் நிலை வேறு. ஓலை ஒடுங்கியது; அதிற் சில வரிகளே அடங்கும்; ஒரு வேளையில் ஓர் ஏட்டையே கையில் ஏந்தலாம். அவன் அந்த ஓர் ஏட்டில் மனத்தை ஊன்றினான்; மனனஞ் செய்தான். அகன்ற பரப்பு ஒப்புநோக்குவதற்கு உதவியது. ஒடுங்கிய பரப்பு ஊன்றிப் பயில்வதற்கு உதவியது. பெருந்திரைக்குஞ் சிறுதிரைக்கும் உள்ள வேறுபாடும் இதுவேயாகும்.

கணினியை ஆக்கியோரும் இடக்குறையைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். அமெரிக்காவிலே, கலிபோர்னியாவிலுள்ள சிறொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1973ஆம் ஆண்டில் ‘ஆல்ட்டோ’ என்னுங் கணினி உருவாயிற்று. அதன் திரை ஒரு தாளைப்போல் நிமிர்ந்து நின்றது. 606க்கு 808 புள்ளிகளே கொண்டது. அச்சிறு பரப்பிற் பல வேலைகளுக்கு எவ்வாறு இடந் தருவது? மேசைமேற் கடதாசிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதுபோலத் திரையிலும் பல ‘சாளரங்கள்’ ஒன்றையொன்று மறைத்துக் கிடக்கலாம் என்பதே அங்கு கண்ட விடை. அவ்வழியை வகுத்தோருள் அலன் கே என்பார் ஒருவர். புத்தகம்போற் கையிலேந்திச் செல்லக்கூடிய சிறு கணினியைக் குழந்தைகளுக்கென 1972ஆம் ஆண்டிலேயே கற்பனை செய்து எழுதியவரும் இவரே. ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாகப் படியுஞ் சாளரங்கள் இடத்தின் மிகுதியாற் பிறந்தவை அல்ல. இடத்தின் குறைவாற் பிறந்தவை.

ஆயின் அவ்வழியிலும் ஓர் இடர் இருந்தது. சாளரங்கள் பெருகப் பெருக, வேண்டியதைத் தேடி முன்னே கொணர்வதிலேயே பொழுது கழிந்தது. அதே கூடத்தைச் சேர்ந்த ஸ்ருவர்ட் கார்ட், ஒஸ்ரின் ஹென்டர்சன் என்னும் இருவரும் 1986ஆம் ஆண்டில் இதற்கொரு பரிகாரங் கண்டனர். வீட்டில் சமையலுக்கு ஓர் அறை, படிப்புக்கு ஓர் அறை என இருப்பதுபோல, ஒவ்வொரு வேலைக்கும் உரிய சாளரங்களை ஒரு தொகுதியாக்கித் தனித்தனி ‘அறை’களில் வைக்கலாம் என்றனர். கடிதம் எழுதும்போது கடித அறை. கணக்குப் பார்க்கும்போது கணக்கறை. இன்று வழங்குங் கணினிகள் பெரும்பாலானவற்றில் இவ்வசதி உண்டு. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விண்டோஸ் 10’ முறையிலும் இது சேர்க்கப்பட்டது. பெருந்திரையிற் பழகியவர் இதனைத் தேடியிருக்கமாட்டார். சிறுதிரைக்கு வந்தவருக்கோ இஃது இன்றியமையாதது.

இனி, பெறும் நன்மைகளையுங் கூறாது விடுதல் நடுநிலையாகாது. சிறுதிரை ஒரு வேளைக்கு ஒரு வேலையையே ஏற்கும். கட்டுரை எழுதுபவர் முன் கட்டுரை ஒன்றே நிற்கும். வலப்பக்கத்து மூலையிற் செய்தித்தாளும் இடப்பக்கத்தில் அஞ்சற்பெட்டியும் கண்சிமிட்டி அழைப்பதில்லை. பரப்பு மிகுந்தவிடத்துப் பராக்கும் மிகும். எழுதுதல், வாசித்தல், ஒரே பொருளை ஆழ்ந்து சிந்தித்தல் ஆகியவற்றுக்குச் சிறுதிரை தடையன்று. சிலருக்கு அது வேலியாகவும் நிற்கும்.

மின்செலவிலும் வேறுபாடு பெரிது. சாதாரண மடிக்கணினி எழுத்து வேலையின்போது 30 உவாற்றுக்கு உட்பட்ட மின்வலுவையே பெரும்பாலும் பயன்படுத்தும். மேசைக் கணினியும் பெருந்திரையுஞ் சேர்ந்து 100 உவாற்றையொட்டிச் செலவிடுதல் இயல்பு. மின்தடை ஏற்படும்போது வீட்டில் வைத்திருக்குஞ் சிறு மின்காப்புப் பெட்டி மேசைக் கணினியைச் சில நிமிடங்களே தாங்கும். அது வேலையைச் சேமித்துவிட்டு எழும்புவதற்கு மாத்திரமே போதும். மடிக்கணினியின் மின்கலமோ சில மணி நேரந் தாங்கும். வகுப்பறையிலிருந்து நூலகத்துக்கும், நூலகத்திலிருந்து வீட்டுக்கும் வேலையைக் குலையாமற் கொண்டுசெல்லலாம் என்பதும் சிறுபேறன்று.

ஆயினும் உடலைப் பொறுத்தவரையில் மடிக்கணினி ஒரு பிறவிக் குறையோடு வந்தது. அதன் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருத்தல் வேண்டும். கைகளோ முழங்கைமட்டத்தில் இருத்தல் வேண்டும். இவ்விரண்டு மட்டங்களுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை அடி தூரம் உண்டு. கைக்கேற்ப வைத்தால் கழுத்துக் குனியும். கண்ணுக்கேற்ப உயர்த்தினால் தோள் தூக்கிநிற்கும். எப்படி வைத்தாலும் இரண்டில் ஒன்று துன்புறும். பெருந்திரையிலோ இவை பிரிந்து நிற்பதால், இரண்டையுந் தத்தம் மட்டத்தில் வைக்கலாம்.

மனிதத் தலையின் நிறை ஏறக்குறைய 5 கிலோகிராம். நிமிர்ந்து அமரும்போது முதுகெலும்பு அதனை எளிதில் தாங்குகின்றது. குனியுந்தோறும் கழுத்தின் மீதான பளு பெருகும். அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 15 பாகை குனியும்போது அப்பளு ஏறத்தாழ 12 கிலோகிராமாகவும், 30 பாகையில் 18 கிலோகிராமாகவும் உயரும். இது கணிதமுறையாற் பெற்ற மதிப்பீடே. ஆயினும் நீட்டிய கையில் ஒரு குடம் நீரைத் தாங்கிப் பார்த்தவர் எவரும் இதன் உண்மையை உணர்வர். மாலையிற் பிடரி வலிக்கின்றது என்போர் பலர் தைலத்தைத் தேடுகின்றனரேயன்றி, மேசைமேல் இருக்குங் காரணத்தைத் தேடுவதில்லை.

கண்ணின் நிலையும் நோக்கற்பாலது. திரையை உற்றுப் பார்க்கும்போது இமைகள் வழக்கத்திலுங் குறைவாகவே மூடித் திறக்கின்றன. அதனாற் கண் வறண்டு உறுத்துகின்றது. அன்றியும், 14 அங்குலத் திரையிற் புள்ளிகள் நெருங்கி அமைவதால் எழுத்துக்களுஞ் சிறுத்துவிடுகின்றன. எழுத்தைப் பெருக்கினாற் கண்ணுக்கு இதம். ஆனால் ஏற்கெனவே குறைந்த இடம் இன்னுங் குறையும். இங்கே கண்ணுக்கும் இடத்துக்கும் வழக்கு உண்டாயின், தீர்ப்பைக் கண்ணுக்கே வழங்குதல் வேண்டும். இழந்த இடத்தைப் பிறிதொரு வகையால் ஈடுசெய்யலாம். இழந்த கண்ணலத்தை அவ்வாறு செய்தல் அரிது.

இவ்விடத்துச் சிறுதிரைக்குச் சாதகமான ஒன்றுங் கூறவேண்டும். நாற்பது வயதைத் தாண்டியோருக்குச் சாளேசரம் என வழங்கும் கிட்டப்பார்வைத் தளர்ச்சி வருவது இயல்பு. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே சட்டத்தில் வில்லை அமைந்த மூக்குக்கண்ணாடி அணிவோர், கீழ்ப்பகுதியினூடாகவே கிட்டத்துப் பொருளைப் பார்ப்பர். கண்மட்டத்தில் நிற்கும் பெருந்திரையைக் காண அவர்கள் நாடியை உயர்த்தித் தலையைப் பின்னே சாய்க்க நேரும். தாழ்ந்திருக்குந் திரை அவர்களுக்கு ஓரளவு பொருந்தும். ஆகவே ஒருவருக்குப் பொருந்தும் உயரத்தை அப்படியே மற்றொருவருக்கு விதித்தல் தகாது.

மடிக்கணினி ஒன்றையே கொண்டு தொழில் புரியத் துணிந்தவர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்குகள் சில உள. முதலாவது, திரையை உயர்த்துதல். இதற்கு விலைகூடிய தாங்கி வேண்டியதில்லை. நான்கைந்து பழைய தடித்த புத்தகங்கள் போதும். அவ்வாறு உயர்த்தியதும், தனியான விசைப்பலகையொன்றும் ‘மவுஸ்’ என வழங்குஞ் சுட்டியொன்றும் இணைத்துக் கைகளைக் கீழே வைத்துக்கொள்ளல் வேண்டும். இவ்விரண்டின் விலை புதிய பெருந்திரையொன்றின் விலையிலும் மிகக் குறைவு. மடிக்கணினியின் பிறவிக் குறை இதனாற் பெரும்பாலும் நீங்கும்.

இரண்டாவது, ஒப்புநோக்கும் வேலையில் ஒரு பாதியைத் திரைக்கு வெளியே கொணர்தல். பெயர்ப்பட்டியலைத் தாளில் அச்சிட்டோ எழுதியோ திரைக்கருகே நிறுத்தி வைத்தால், திரையும் தாளுமாக இரு பரப்புக்கள் கிடைக்கும். இன்னுஞ் சிறந்த வழி, ஒருவர் வாசிக்க மற்றவர் பதிதலாகும். முன்னாளில் அச்சுக்கூடங்களிற் பிழை திருத்துவோர் கையாண்ட முறை இதுவே. மூன்றாவது, வேலைகளை அறைகளாகப் பிரித்தல். ‘ஆல்ட்’ விசையை அழுத்தியபடி ‘டாப்’ விசையைத் தட்டினால் ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றுக்கு உடனே செல்லலாம் என்பதையும் பழகிக்கொள்ளுதல் நன்று. வேண்டாத சாளரங்களை மூடிவிடுதல் அதனினும் நன்று.

நான்காவது, கண்ணுக்கு ஓய்வளித்தல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள பொருளொன்றை இருபது விநாடி நோக்குக என்பர் கண் மருத்துவர். யன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் நிற்குமாயின் அதுவே போதும். ஐந்தாவது, கருவியைப் பேணல். மெத்தையிலுந் தலையணையிலும் வைத்தால் மடிக்கணினியின் காற்றுவழி அடைபடும், வெப்பம் ஏறும், வேகங் குறையும். வெப்பமே மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் பகை. எப்பொழுதும் மின்னிணைப்பில் முழுமையாக நிரப்பியே வைத்தலும் அதனை முதுமைப்படுத்தும். நூற்றுக்கு எண்பது அளவில் நிறுத்தும் ஒழுங்கு சில மடிக்கணினிகளில் உண்டு, அதனைப் பயன்படுத்தலாம்.

இவற்றையெல்லாஞ் செய்தபோதிலும், சிறுதிரை எல்லோருக்கும் ஏற்றது என்று கூறுவதற்கில்லை. நாள்முழுதும் இரு கணக்கேடுகளை ஒத்துப் பார்ப்பவர், படம் வரைபவர், ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பவர் ஆகியோர் பெருந்திரையைக் கைவிடுதல் சிக்கனமாகாது. திரையில் மிஞ்சிய பணம் பிழையிலும் பிடரிவலியிலுஞ் செலவாகும். எழுதுவோர், வாசிப்போர், ஊர் ஊராகச் சென்று கற்பிப்போர் ஆகியோருக்கோ மடிக்கணினி ஒன்றே போதுமானது.

ஆகவே கருவியை மாற்றுவோன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ‘எது புதியது?’ என்பதன்று, ‘எது மலிவு?’ என்பதுமன்று. ‘என் வேலை விரித்துப் பார்க்கும் வேலையா, ஊன்றிப் பார்க்கும் வேலையா?’ என்பதே அக்கேள்வி. அதற்கு விடை கண்டவன், திரை பெரிதாயினுஞ் சிறிதாயினும் அதனைத் தன் வேலைக்கு இசைய அமைத்துக்கொள்வான். விடை காணாதவனோ தன் முதுகையுங் கண்ணையும் திரைக்கு இசைய வளைத்துக்கொள்வான். சட்டைக்காக உடலை வெட்டுவார் இல்லை. கருவிக்காக உடலை வருத்துவதும் அத்தகையதே என உணர்தல் வேண்டும்.